கிழியாத நீலம்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் சுரபாயாவில் எங்கள் சந்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியாது. பதினேழாம் தேதி சுதந்திர தினம். அதற்குள் சுவர்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும். தலைக்கு மேலே சிவப்பு வெள்ளைத் தோரணம் கட்ட வேண்டும். சாக்கு ஓட்டத்துக்குப் பழக வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கடித்துத் தின்னும் போட்டிக்கு மட்டும் யாரும் பழகுவதில்லை. அது எங்களுக்குப் பிறவியிலேயே வரும்.

அந்த வருடம் இவற்றோடு ஒரு நாடகமும் சேர்ந்துகொண்டது. எழுதியவர் சாத்ரியா அண்ணன். கல்லூரியில் படிக்கிறவர், சந்து இளைஞர் மன்றத்தின் தலைவர்.

கதை எங்கள் ஊரில் நடந்ததுதான். 1945-இல் ஜகார்த்தாவில் சுதந்திரத்தை அறிவித்தாகிவிட்டது. முன்பு ஆண்டு பழகிய டச்சுக்காரர்களுக்கு மட்டும் அது காதில் ஏறவில்லை. அடுத்த மாதமே சுரபாயாவில், துஞ்சுங்கான் தெருவிலிருந்த பெரிய ஹோட்டலின் உச்சியில் தங்கள் கொடியை ஏற்றிவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள். இறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவர்கள் இறக்கவில்லை.

சுரபாயாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் கூடியது. கைகலப்பு ஆனது. சில இளைஞர்கள் மேலே ஏறி, கொடியின் அடியிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்து எறிந்தார்கள். மீதி இருந்தது சிவப்பும் வெள்ளையும். அது எங்கள் கொடி. அதையே திரும்ப ஏற்றினார்கள்.

இந்த நாடகத்தில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒரு வேடம்தான். மேலே ஏறி நீலத்தைக் கிழிப்பவரின் வேடம்.

அது கிடைத்தது வெனிங்குக்கு. வெனிங்குக்குப் பதினோரு வயது. சந்தில் அவள் ஏறாத கொய்யா மரம் கிடையாது. மதில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக் கொடிமரம் என்று எதையும் விட்டு வைத்ததில்லை. சாத்ரியா அண்ணன் ஒரு மூங்கில் உச்சியில் கந்தல் துணியைக் கட்டி, முதலில் எடுப்பவருக்கே வேடம் என்றார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் வெனிங் துணியோடு கீழே வந்துவிட்டாள்.

இரண்டாவதாக வந்தவன் சப்தோ. மூங்கில் வழுக்கியது என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தான். கூட்டத் தலைவன் வேடம் தருகிறேன், அதற்குத்தான் கத்துகிற வசனம் அதிகம் என்று அண்ணன் சொன்னதும் சமாதானமாகிவிட்டான்.

அடுத்து, டச்சு அதிகாரியாக யார் நடிப்பது என்று கேட்டார் அண்ணன். எல்லோரும் அவரவர் கால் விரல்களைப் பார்த்தார்கள். ஒருவனுக்குத் தொண்டை வலி வந்துவிட்டது. இன்னொருவன், டச்சுக்காரனாக நடித்தால் அம்மா சோறு போடமாட்டாள் என்றான்.

"ஹெந்த்ரிக் இருக்கானே" என்றான் சப்தோ. "பேரும் டச்சு, தோலும் டச்சு. பவுடர் செலவு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வெனிங்கும் சிரித்தாள்.

ஹெந்த்ரிக் எங்கள் சந்துக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கடல் தாண்டி, வடக்கே மனாடோவிலிருந்து வந்த குடும்பம். அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மனாடோப் பக்கம் அப்படிப் பெயர்களும் அந்த நிறமும் சர்வ சாதாரணம். ஆனால் எங்கள் சந்தில் அவன் ஒருவன்தான் அப்படி. எல்லோரும் சிரித்ததால் அவனும் லேசாகச் சிரித்துவைத்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒத்திகையில் அவனுக்கு அட்டைத் தொப்பி போட்டார்கள். அவனுக்கு இரண்டே வசனம். 'இந்தக் கொடி இறங்காது. இங்கே எல்லாம் எங்களுடையது.' அதை அவன் தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் சொன்னான். கூட்டமாக நடித்த பையன்கள் அவனைத் தள்ளவேண்டிய இடத்தில், வேண்டியதற்கு மேலேயே தள்ளினார்கள்.

மறுநாளிலிருந்து ஒத்திகை இல்லாத நேரத்திலும் அவன் டச்சுக்காரன் ஆகிவிட்டான். முட்டை வாங்கக் கடைக்குப் போனால் டச்சுக்காரன் முட்டை வாங்குகிறான் என்றார்கள். கோலி ஆட வந்தால், டச்சுக்காரனுக்கு இடமில்லை என்றார்கள். சொன்னவர்களுக்கு அது வேடிக்கை.

மூன்றாம் நாள் ஹெந்த்ரிக் ஒத்திகைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார் சாத்ரியா அண்ணன். ஆனால் அன்று காலையில்தான் அவன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனதை வெனிங் பார்த்திருந்தாள். காய்ச்சல்காரன் அந்தக் கேனைத் தூக்க முடியாது. ஒத்திகை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போனாள்.

ஹெந்த்ரிக்கின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். வந்தவளை உட்காரவைத்து, சோளமும் பூசணியும் கீரையும் போட்ட மனாடோக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் சிவப்பாக மிளகாய்த் துவையல். காரமாக இருக்கும், பார்த்துச் சாப்பிடு என்றார்.

"நான் சுரபாயாக்காரி அத்தை. மிளகாயெல்லாம் எனக்குத் தண்ணி மாதிரி" என்றாள் வெனிங். ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் வைத்தாள்.

அடுத்த நொடி அவள் காது, மூக்கு, கண் எல்லாம் சிவந்தன. கண்ணீர் தானாக வழிந்தது. ஹெந்த்ரிக் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். கொண்டுவரும்போதே சிரிப்பு தாங்காமல் பாதியைத் தரையில் சிந்திவிட்டான். அவன் மனசாரச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா உள்ளே போனதும் வெனிங் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்டா இன்னைக்கு வரல?"

"கால் வலி."

"எந்தக் கால்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டும்."

"சரி, இப்ப நெஜத்தச் சொல்லு."

ஹெந்த்ரிக் தண்ணீர் சிந்திய இடத்தைக் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்க ஊர்லயும் கிழிச்சாங்க, தெரியுமா?" என்றான்.

"எத?"

"நீலத்தத்தான்."

வெனிங்குக்குத் தெரியாது. நீலம் கிழிந்தது உலகத்திலேயே சுரபாயாவில் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஹெந்த்ரிக் சொன்னான். சுரபாயாவில் நடந்ததற்குப் பின்னால், அடுத்த பிப்ரவரி பதினாலாம் தேதி, மனாடோவில் ஒரு ராணுவ முகாம். அங்கே இருந்த சிப்பாய்கள் நம் ஆட்கள்தான், ஆனால் டச்சுப் படையில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஒன்று சேர்ந்து, அதிகாரிகளையெல்லாம் பிடித்து அடைத்துவிட்டு முகாமைக் கைப்பற்றினார்கள். டச்சுக் கொடியை இறக்கி, நீலத்தைக் கிழித்துவிட்டு, சிவப்பு வெள்ளையை ஏற்றினார்கள்.

"எங்கப்பாவோட தாத்தா அந்த முகாம்ல சிப்பாய்" என்றான் ஹெந்த்ரிக். "கொடி ஏறுறப்ப கீழ நின்னு பாத்தாராம். எங்க வீட்ல எல்லாருக்கும் அது தெரியும். நான் என்னடான்னா இங்க வந்து தொப்பி போட்டுக்கிட்டு, இந்தக் கொடி இறங்காதுன்னு சொல்லிட்டிருக்கேன்."

"நாடகம்தானேடா அது."

"உனக்கு நாடகம். மேடைய விட்டு எறங்குனா நீ வெனிங். நான் எறங்குனப்பறமும் டச்சுக்காரன்தான்."

வெனிங் கஞ்சியை மட்டும், துவையல் இல்லாமல், குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போகாமல் மதில் மேல் ஏறி உட்கார்ந்தாள். எதிரே, சந்தின் இரவுக் காவல் கொட்டகையின் கூரை தெரிந்தது. நாடகத்தில் அதுதான் ஹோட்டல். கூரைமேல் சாத்ரியா அண்ணன் நட்ட மூங்கில் நின்றது. சந்தே அண்ணாந்து பார்க்க, அதன் உச்சியில் நின்று துணியைக் கிழிப்பதுபோல் அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருந்தாள். மலாங்கிலிருந்து அத்தை வேறு கேமராவோடு வருவதாக இருந்தது. அந்த வேடத்தை விட அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் ஹெந்த்ரிக் சொன்னது சரி. டச்சுக்காரன் என்று தன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் ஒட்டாது. ஒட்டாதவள் அந்தத் தொப்பியைப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கணக்கை அவள் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வந்தது. மதிலிலிருந்து குதித்தாள்.

மறுநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "அண்ணே, டச்சு அதிகாரியா நான் நடிக்கிறேன். ஹெந்த்ரிக் மேல ஏறட்டும்."

ஆளாளுக்குப் பேசினார்கள். கஷ்டப்பட்டு வாங்கிய வேடத்தை யாராவது விடுவார்களா என்றார்கள். ஒரு பெண் எப்படி டச்சு அதிகாரி ஆக முடியும் என்றார்கள். சாத்ரியா அண்ணனுக்கும் அதே சந்தேகம்தான்.

வெனிங் வாசலில் கிடந்த யாருடையதோ ரப்பர் பூட்சுக்குள் காலை விட்டாள். அட்டைத் தொப்பியை வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து சப்தோவின் முன்னால் நின்றாள்.

"எந்திரி. யாரக் கேட்டு என் தெருவுல உக்காந்தே?"

சப்தோ எழுந்து நின்றுவிட்டான். எழுந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, தான் எழுந்துவிட்டோம் என்று. கூட்டம் சிரித்துத் தீர்த்தது. சாத்ரியா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அதிகாரி கிடைத்தாகிவிட்டது என்றார்.

சப்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் சரி. அவன் ஏறுவானா? பாதியில வழுக்குனா நாடகம் நாசம்."

"நான் சொல்லித் தர்றேன்" என்றாள் வெனிங். "அவன் ஏறலன்னா நீயே ஏறிக்கோ."

சொல்லியாகிவிட்டது. இனி அவனை ஏற்றியே ஆகவேண்டும்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் வருத்தம். நாடகத்துக்கான கொடியைத் தைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டார். "உங்க அத்தைக்கு நான் என்ன பதில் சொல்ல? பொண்ணு வில்லனா வர்றான்னா?"

"வில்லன்தாம்மா ரொம்ப நேரம் மேடையில நிப்பான். அத்தை நெறைய போட்டோ எடுக்கலாம்."

அம்மா கொஞ்ச நேரம் அதை யோசித்தார். பிறகு மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஹெந்த்ரிக்குக்கு ஏறவே வரவில்லை. மூங்கிலுக்கு முன்னால் பழக வெனிங் தன் வீட்டுக் கொய்யா மரத்தைக் கொடுத்தாள். முதல் கிளையிலேயே மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கினான். அவனை இறக்குவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. முட்டி இரண்டும் தோலுரிந்தன. அவன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு என்று வெனிங் கண்டுபிடித்தாள். அடுத்து கை வைக்கிற இடத்தை மட்டும் பார், கால் தன்னால் பின்னாலே வரும் என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் மாவு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் மரத்தடியில் அவனைக் காணோம். உச்சியிலிருந்து குரல் வந்தது.

"வெனிங், இங்க இருந்து துறைமுகம் தெரியுது. மஞ்சக் கலர் கிரேன் ஒண்ணு தெரியுது பாரு, அதான் எங்கப்பாவோடது."

அவள் ஏறிப் பார்த்தாள். தூரத்தில் நாலைந்து மஞ்சள் கிரேன்கள் தெரிந்தன. எது என்று அவள் கேட்கவில்லை. இருவரும் இருட்டும்வரை அங்கேயே இருந்து, பழுத்த கொய்யாவையெல்லாம் காலி செய்தார்கள்.

பதினேழாம் தேதி காலையில் கொடியேற்றம், பிறகு போட்டிகள். அப்பளம் கடிக்கும் போட்டியில் சப்தோ ஜெயித்தான். மாலையில் வெயில் தாழ்ந்ததும் சந்து முழுவதும் பாய் விரித்துக்கொண்டு காவல் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்தது. வட்டாரத் தலைவருக்கு மட்டும் நாற்காலி. மலாங் அத்தை முதல் வரிசையில் கேமராவோடு இருந்தார். ஹெந்த்ரிக்கின் அம்மாவும் அப்பாவும் ஓரமாக நின்றார்கள். கூரையைச் சுற்றிக் கீழே மெத்தைகள் போட்டிருந்தார்கள். கூரைமேல் மூங்கிலில் மூன்று வண்ணக் கொடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

வெனிங் ரப்பர் பூட்சில் டக் டக் என்று நடந்து வந்தாள். மூக்குக்குக் கீழே கரியால் மீசை. பார்வையாளர்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வட்டாரத் தலைவரின் நாற்காலியைக் காட்டி, அது யாருடைய நாற்காலி என்று கேட்டாள். அது வசனத்தில் இல்லை. கூட்டம் ஊளையிட்டது. சின்னப் பிள்ளைகள் நிலக்கடலைத் தோலை எறிந்தார்கள். வெனிங்குக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு பேர் சேர்ந்து தன்னைத் திட்டினால் இப்படி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

சப்தோ ஆட்களோடு வந்து கொடியை இறக்கச் சொன்னான். அவள் மறுத்தாள். கைகலப்பு ஆனது. அதிகாரி அடிபட்டுக் கீழே விழுந்தார். ஹெந்த்ரிக் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போய், அங்கிருந்து மூங்கிலில் ஏறினான். அடுத்து கை வைக்கிற இடத்தை மட்டும் பார்த்து, தடங்கல் இல்லாமல் ஏறினான். குறுக்குக் கட்டையில் காலை ஊன்றி, ஒரு கையால் நீலத்தைப் பிடித்தான்.

இழுத்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி இழுத்தான். மூங்கில்தான் வளைந்தது. நீலம் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் தடவை இழுத்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள்.

கீழே அடிபட்டுக் கிடந்த வெனிங் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வெனிங்குக்குப் புரிந்துவிட்டது. நீலப் பட்டையை நாலே நாலு இழையில் தொங்கவிடச் சொல்லியிருந்தார் சாத்ரியா அண்ணன். காற்றடித்தால் நாடகத்துக்கு முன்பே பறந்துவிடுமே என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் அதை மெஷினில் இரண்டு தரம் ஓட்டிவிட்டிருக்கிறார். அம்மாவின் தையலைப் பற்றி வெனிங்குக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடப் பை மூன்று வருடமாகப் பிய்யவில்லை.

மறைவில் நின்ற சாத்ரியா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே ஹெந்த்ரிக்கின் முகம் வெளுத்துவிட்டது. அவன் கீழே பார்க்கத் தொடங்கியிருந்தான். நாளைக்குச் சந்து என்ன சொல்லும் என்று வெனிங்குக்குத் தெரியும். டச்சுக்காரனிடம் கொடுத்தால் நீலம் எப்படிக் கிழியும் என்பார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"செத்தவன் எந்திரிக்கிறான்டி" என்றார் ஓர் அம்மா.

வெனிங் தொப்பியைச் சரிசெய்தாள். மீசையைத் தடவினாள். மேலே பார்த்து, சந்தின் கடைசிவரை கேட்கிற குரலில் சொன்னாள். "இழுடா, நல்லா இழு. கிழியாது. எங்க ஊர் நூல் அது. எங்க ஊர் மெஷின்ல ரெண்டு தரம் ஓட்டுன தையல்."

சிரிப்பு நின்றது. இது நாடகத்திலேயே இருக்கிறது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. ஊளை மறுபடி கிளம்பியது.

"வெறுங்கையால ஆகுமா? நூலக் கடிக்கப் பல்லு வேணும். உங்க ஆளுங்களுக்குப் பல்லு ஏது?" ஹெந்த்ரிக்கின் கண்களையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "பல்லு."

ஹெந்த்ரிக் ஒரு கணம் முழித்தான். பிறகு அவன் முகம் மாறியது. நீலமும் வெள்ளையும் சேரும் இடத்தை வாய்க்கு இழுத்து, தையலைக் கடித்தான்.

வெனிங் சப்தோவின் பக்கம் திரும்பினாள். "பாவம், தனியாக் கெடந்து அல்லாடுறான். கூட ஏற ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. கூட்டத் தலைவனாம், தலைவன்."

அது தனக்கான குறிப்பு என்று சப்தோவுக்குப் புரியவே இல்லை. அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஏணியில் பாய்ந்து ஏறிக் கூரையில் நின்று, கொடியின் கீழ் முனையை எட்டிப் பிடித்தான். அப்பளப் போட்டியில் ஜெயித்தவனுக்கு ஒரு விஷயம் உடனே தெரிந்தது.

"நடுவுல கடிக்காத. ஓரத்துல ஆரம்பி" என்றான் ஹெந்த்ரிக்கிடம். "நீ கடி, நான் இழுக்கிறேன்."

ஒருவன் கடிக்க, ஒருவன் இழுக்க, முதல் தையல் விட்டது. இன்னொன்று விட்டது. கூட்டம் பாயிலிருந்து எழுந்து நின்று, கிழி, கிழி என்றது. வட்டாரத் தலைவரும் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். பர்ரென்று நீளமாக ஒரு சத்தம். நீலப் பட்டை முழுசாகப் பிய்ந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக வெனிங்கின் தலையில் வந்து விழுந்தது.

சந்தில் அப்படி ஒரு கைதட்டலை யாரும் கேட்டதில்லை. சாத்ரியா அண்ணன் மறைவிலிருந்து வெளியே வந்து குதித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியபோதும் ஹெந்த்ரிக் மூங்கிலில்தான் இருந்தான். வாயோரத்தில் நீல நூல் ஒட்டியிருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவன் பார்த்தான். பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத பெரிய குரலில் சொன்னான்.

"மனாடோவுலயும் இப்படித்தான் கிழிச்சாங்க."

அது வசனத்தில் இல்லை. ஓரத்தில் நின்ற அவன் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நெஜமாவாடா?" என்று கேட்டான் சப்தோ, நாடகத்தை மறந்து.

"நெஜமாத்தான். பிப்ரவரி பதினாலு. எங்கப்பாவோட தாத்தா அங்க இருந்தாரு."

சப்தோ, தான் கூட்டத் தலைவன் என்பது நினைவு வந்ததுபோல், சந்தைப் பார்த்துத் திரும்பினான். "கேட்டுச்சா? மனாடோவுலயும் கிழிச்சிருக்காங்க. இவன் வீட்டு ஆளு இருந்திருக்காரு."

மறுபடி கைதட்டல். இந்தத் தடவை முதலில் தட்டியது வட்டாரத் தலைவர். ஹெந்த்ரிக்கின் அம்மா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தட்டவில்லை. கிரேன் ஓட்டும் பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சப்தோ கூரையிலிருந்து கையை நீட்டி, ஹெந்த்ரிக் இறங்குவதற்குத் தோள் கொடுத்தான்.

மேலே சிவப்பும் வெள்ளையும் மட்டும் பறந்தன. ஓரத்தில் நூல் பிசிறு தொங்கியது. யாரோ தேசிய கீதத்தைத் தொடங்க, சந்து முழுவதும் நேராக நின்று சேர்ந்து பாடியது. வெனிங் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நீலத் துணி தோளில் கிடக்க, கரி மீசையோடு, ரப்பர் பூட்சில் விறைப்பாக நின்று, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். முதல் வரிசையில் அத்தையின் கேமரா விடாமல் கிளிக் கிளிக் என்றது.

முன்பாயில் இருந்த ஒரு வாண்டு, கையில் மிச்சமிருந்த நிலக்கடலைத் தோலை மெதுவாகக் கீழே போட்டுவிட்டுத் தன் அம்மாவின் கையை இழுத்தது.

"அம்மா, அந்த டச்சுக்காரருக்கு நம்ம பாட்டு முழுசாத் தெரியுதே."